குமிழிகளுக்கு நடுவே ஒரு கேமரா: வாசகர் கேள்வி – பதில்

கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா கரையை ஒட்டிய கடலடியில் எண்ணெயும் வாயுவும் தானாகவே கசிகின்றன. அங்கே நீருக்கடிப் படப்பிடிப்புக் குழுவோடு வேலை பார்த்ததைப் பற்றிப் போன இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, மற்றவற்றுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

எண்ணெய் தானாக வருகிறது என்கிறீர்கள். எங்கோ உடைந்த பைப்பை மறைக்கச் சொல்லும் கதை இல்லையே சார்? – கவின்

சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் இல்லை. அங்கே பைப், எண்ணெய்க் கிணறு எதுவும் வருவதற்கு வெகுகாலம் முன்பே கசிவு இருந்தது. அந்தக் கரையின் பூர்வகுடிகளான சுமாஷ் மக்கள் ஒதுங்கிய தாரை எடுத்துத்தான் 'டோமோல்' என்ற பலகைப் படகின் இடுக்குகளை அடைத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பக்கம் கப்பலில் போன ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர், கடல்மேல் தார் படர்ந்து கிடந்ததை எழுதிவைத்திருக்கிறார்.

இடத்தின் பெயர் கோல் ஆயில் பாயிண்ட். கடலடிக்குக் கீழே மான்டெரி பாறையடுக்கு என்று ஒன்று இருக்கிறது. சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த நுண்ணுயிர்களின் மிச்சம் அதற்குள் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியிருக்கிறது. பாறை மடிந்தும் பிளந்தும் கிடப்பதால் அழுத்தம் தாங்காமல் விரிசல் வழியாக மேலே வருகிறது, அவ்வளவுதான். ஆழம் அதிகமில்லை, பெரும்பாலும் 20 மீட்டரிலிருந்து 80 மீட்டருக்குள். அதனால்தான் அங்கே நாங்கள் உடம்போடு இறங்கிப் படம்பிடிக்க முடிகிறது. ஒரு நாளைக்கு வெளிவரும் எண்ணெய் சுமார் 100 பீப்பாய் என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு பீப்பாய் 159 லிட்டர், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வாயு அதைவிடப் பெரிய விஷயம், அதில் பெரும்பகுதி மீத்தேன். 1982-இல் ஒரு எண்ணெய் நிறுவனம் ஏறக்குறைய 67 மீட்டர் ஆழத்தில் இரண்டு பெரிய இரும்புக் கூடாரங்களைக் கசிவின் மேல் கவிழ்த்து வைத்து, அந்த வாயுவைக் குழாய் வழியே கரைக்குக் கொண்டுபோனது.

கீழே போனால் என்னதான் தெரியும்? எல்லாம் கறுப்பாக இருக்குமா? – மீனாட்சி

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இறங்கினால் முதலில் தெரிவது சாதாரண மணல், கொஞ்சம் கலங்கிய பச்சைத் தண்ணீர், தூரத்தில் கெல்ப் பாசி. அப்புறம் மணலில் அங்கங்கே வெள்ளையாகத் திட்டுத்திட்டாக ஏதோ தெரியும். கிட்டப் போனால் மெல்லிய வெள்ளை இழைகள் ஒன்றோடொன்று சிக்கிப் படர்ந்திருக்கும். அது பெஜியடோவா என்ற பாக்டீரியா. மணலுக்குள்ளிருந்து வரும் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மத்தை வைத்துப் பிழைக்கிறது. காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னை ஒரு தடவை அசட்டையாக அடித்தால் போதும், அந்தத் திட்டு கிளம்பித் தூளாகிவிடும், அன்றைக்கு அந்த ஃபிரேம் காலி.

அந்தத் திட்டுகளின் நடுவில்தான் துளைகள். சுண்டுவிரல் நுனிகூட நுழையாத துளையிலிருந்து குமிழிகள் வரிசையாக வரும். திடீரென்று நிற்கும், இரண்டு விநாடி கழித்து மூன்று சேர்ந்து வரும், பக்கத்துத் துளை அப்போதுதான் விழிக்கும். சில குமிழிகள் வெள்ளியாகப் பளபளக்கும். சிலவற்றின் மேல் எண்ணெய்ப் படலம் பழுப்பாக ஒட்டியிருக்கும், அவை கொஞ்சம் சோம்பேறித்தனமாக ஏறும்.

எனக்குப் பிடித்தது தார் இழைதான். கெட்டியான எண்ணெய் துளையிலிருந்து மெல்ல நூலாக வெளியே வந்து, அடி மணலிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேல்பக்கம் நீரோட்டத்தில் ஆடும். நீண்டு நீண்டு ஒரு இடத்தில் இழை மெலிந்துகொண்டே போகும். கடைசியில் அறுந்து, மேல்துண்டு உருண்டையாகச் சுருங்கி ஏறிப்போகும். அறுந்த அடிப்பாகம் பின்வாங்கி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதைப் படம்பிடிக்க ஒரே வழி வயிறு மணலில் படாமல் மிதந்தபடி அசையாமல் காத்திருப்பது. எப்போது அறுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உயிர்கள் இருக்கிறதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக இருக்கின்றன. 1970-களிலேயே அங்குள்ள ஒரு ஆழம் குறைந்த கசிவை ஆராய்ந்தவர்கள், எண்ணெய் ஊறிய மணலுக்குள் புழு பூச்சி ஏராளமாக வாழ்வதைக் கண்டார்கள். பாக்டீரியா எண்ணெயைத் தின்கிறது, பாக்டீரியாவைப் புழு தின்கிறது. ஆனால் மேலே நீரில் மிதக்கும் படலத்தில் மாட்டிக்கொள்ளும் கடற்பறவைகளுக்கு அது இயற்கையா செயற்கையா என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, இறகு ஒட்டிப்போய் குளிரில் செத்துப்போகின்றன. இதையும் காட்டாமல் கீழே இருக்கும் அழகை மட்டும் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

ஃபிலிம் படிக்கும் மாணவன் நான் அண்ணா. குளத்தில் குமிழி எடுத்துப் பார்த்தேன், எல்லாம் வெள்ளைக் கோடாக வருகிறது. என்ன செய்ய? – ரஃபீக்

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் கணக்கு. சில மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி விநாடிக்கு ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் ஏறும். நீ விநாடிக்கு 25 ஃபிரேமில், வழக்கமான 1/50 ஷட்டரில் எடுத்திருப்பாய், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/50 விநாடி வெளிச்சம் உள்ளே விழும். அந்த 1/50 விநாடிக்குள் குமிழி அரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. குமிழியின் அளவே அவ்வளவுதான் என்றால் அது கோடாகாமல் வேறு எப்படி வரும்? ஷட்டரை 1/250-க்குக் கொண்டுபோ, நகர்வு ஒரு மில்லிமீட்டராகக் குறையும், குமிழிக்கு உருவம் வரும். தட்டையாகி நெளிந்து நெளிந்து ஏறுவதுகூடத் தெரியும்.

ஆனால் இப்போது வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. லைட்டைக் கூட்டுவாய். லைட்டைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கூட்டினால் கசிவு இருக்கும் நீரில் மிதக்கும் தூசி, எண்ணெய்த் துளி, பாக்டீரியா இழை எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி லென்ஸுக்கே அனுப்பும், பனி பெய்வது போல. அதனால் லைட்டைக் கேமராவிலிருந்து பிரித்து, இன்னொரு டைவர் கையில் கொடுத்து, பக்கவாட்டிலோ கொஞ்சம் பின்னாலோ பிடிக்கச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு ஒளி விளிம்பு கிடைக்கும், எண்ணெய் பூசிய குமிழி எது, வெறும் வாயு எது என்று பார்ப்பவருக்கே பிரித்துத் தெரியும். லைட் பிடிக்கும் அந்த ஆள்தான் பாதிப் படத்தை எடுக்கிறார் என்று நான் எப்போதும் சொல்வேன். டைட்டிலில் அவர் பெயர் கடைசியில்தான் வரும், அது வேறு கதை.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடு. ஊடுருவித் தெரியும் பொருள் நகர்ந்துகொண்டே இருந்தால் கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். துளையின் விளிம்பில் உள்ள மணலில் கையால் ஃபோகஸ் வை, குமிழி தானாக அந்தத் தளத்தில் வரும். நிறத்தைப் பொறுத்தவரை சிவப்பு சில மீட்டரிலேயே போய்விடும். பழுப்பு எண்ணெயின் உண்மையான நிறம் வேண்டுமென்றால் லைட் இல்லாமல் நடக்காது.

கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத தொல்லை: நம் மூச்சு. சாதாரண ஸ்கூபாவில் நாம் விடும் காற்றும் குமிழிதான். பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு டைவர் மூச்சு விட்டால் அதுவும் ஃபிரேமில் ஏறும். எடிட்டிங் அறையில் உட்கார்ந்து பார்த்தால் எது கடலுடையது எது நம்முடையது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. வேறெங்காவது மீன் படம் எடுக்கும்போது டைவர் குமிழி வந்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே வந்தால் படமே பொய்யாகிவிடும். அதனால் கேமரா பிடிப்பவர் ரீபிரீதர் போடுவது நல்லது. அது மூச்சுக் காற்றைச் சுத்தம் செய்து மறுபடி கொடுப்பதால் கிட்டத்தட்ட குமிழியே வெளியே போகாது. ரீபிரீதர் இல்லையென்றால் நீரோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நின்று எடு. உன் குமிழி பின்னால் போய்விடும்.

இதோடு சேர்ந்த விஷயம் ஒன்று. ஒரு இயக்குநர், குமிழி போதவில்லை, மணலை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள் என்றார். குத்தினால் உள்ளே தேங்கிய வாயு மொத்தமாகக் கிளம்பும், பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். நாங்கள் மறுத்துவிட்டோம். கசிவைக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு நாமே கசியவைத்தால் என்ன மரியாதை?

என் மகள் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். வாயு, தீ என்றெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறது. எவ்வளவு ஆபத்து? – ஒரு தாய்

அம்மா, ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் பயப்படும் இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

தீயை முதலில் முடித்துவிடுகிறேன். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். திறந்த கடலில் காற்று வீசும்போது அந்த அளவு சேராது, அது காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். படகின் மூடிய அறைக்குள் தேங்கவிடக் கூடாது, யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, அது போதும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற அழுகிய முட்டை நாற்ற வாயுவும் இதில் கொஞ்சம் இருக்கும். அதன் சூழ்ச்சி என்னவென்றால், செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதி அடையும்போதுதான் நிலைமை மோசமாக இருக்கும். அதனால் மூக்கை நம்பாமல், அதற்கென்று இருக்கும் சிறிய மீட்டரைச் சட்டையில் மாட்டிக்கொள்வார்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது மூன்று விஷயங்களுக்கு. ஒன்று, டேங்கில் நிரப்பும் காற்று. எண்ணெய் வாடை வீசும் இடத்தில் படகிலேயே கம்ப்ரஸரை ஓட்டினால் அந்த ஆவியும் டேங்குக்குள் போகும், ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அதன் விளைவும் கூடும். கரையிலேயே நிரப்பிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். இரண்டு, உடை. டிரைசூட் என்ற தண்ணீர் புகாத உடையின் கழுத்து, மணிக்கட்டில் இருக்கும் லேடெக்ஸ் பட்டைகளைப் பெட்ரோலியம் மெல்ல அரித்துவிடும். நேற்று நன்றாக இருந்தது இன்று கிழியும், உள்ளே 12, 13 டிகிரி தண்ணீர் வரும். நியோப்ரீன் பட்டை அதைவிடத் தாங்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். குமிழிகள் கூட்டமாக ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தூணுக்குள் நுழைந்தால் நம்மையும் மேலே தூக்கும். கேமராமேன் கண் மானிட்டரில் இருக்கும், சுற்றிலும் எல்லாமே மேலே போய்க்கொண்டிருப்பதால் தானும் போகிறோம் என்பது அவருக்கு உறைக்காது. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்று கற்றுக்கொடுக்கிறார்கள், அங்கே அதைத் தாண்டுவது சுலபம். ஒரு கணம் மூச்சைப் பிடித்திருந்தால் நுரையீரல் காயப்படும். ஆகவேதான் பாதுகாப்பு டைவர் என்று ஒருவர். அவர் எதையும் படம்பிடிக்க மாட்டார், மீனைக்கூடப் பார்க்க மாட்டார், கேமராமேனின் ஆழத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்கள் மகள் சேரும் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க அவரை விட்டுவிட்டார்கள் என்றால் அந்தப் படம் வேண்டாம்.

சுறா வருமா? – பிரபு

வரலாம். தார் கட்டாயம் வரும்.

அந்தத் தாரை எப்படிக் கழுவுகிறீர்கள்? – செல்வி

தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரவும். எண்ணெயைக் கரைக்க எண்ணெய்தான் வேண்டும். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில், இல்லையென்றால் சமையல் எண்ணெய், மென்மையான துணியில் தொட்டுத் துடைத்து, தார் இளகி வந்ததும் சோப்புத் தண்ணீர். அந்தக் கடற்கரைக்கு நடக்கப் போகிறவர்களும் காலில் ஒட்டியதை இப்படித்தான் எடுக்கிறார்கள். கேமராவின் டோம் போர்ட், அதாவது லென்ஸுக்கு முன்னால் இருக்கும் வளைந்த மூடி, அக்ரிலிக்காக இருந்தால் அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள், நுண்ணிய விரிசல் விட்டு வெளுத்துவிடும். கேமராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கை மூடுவதற்கு முன்னால், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் ஒரு துளி தார் இல்லையென்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மூடும்போது மணல் அதில் ஒட்டிக்கொண்டால் அடுத்த டைவில் கேமரா குளிக்கும். ஒரு டைவ் 45 நிமிடம் என்றால் துடைப்பது அதைவிட அதிக நேரம். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் இந்த வேலை பெரும்பாலும் இதுதான்.

பெரிய குமிழி வந்தால் படகு மூழ்கிவிடும் என்று வீடியோவில் பார்த்தேன். – ஜான்சி

தொட்டியில் பொம்மைப் படகை வைத்து மொத்தமாக வாயுவை விட்டால் மூழ்கும், உண்மைதான். கோல் ஆயில் பாயிண்ட்டில் வரும் அளவுக்கு அதெல்லாம் நடக்காது. மேலே வந்த நீர் நாலாபக்கமும் விரிந்து ஓடுவதால் படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கேப்டன் திட்டிக்கொண்டே மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்.

மனிதர் போக முடியாத ஆழத்திலும் கசிவுகள் இருக்கிறதாமே. அங்கே யார் படம் எடுப்பது? – முத்துக்குமரன்

அங்கே ஆர்.ஓ.வி. எனப்படும் கேபிள் கட்டிய ரோபோதான், சில சமயம் ஆள் ஏறும் சிறு நீர்மூழ்கி. மெக்சிகோ வளைகுடாவில் 3,200 மீட்டர் ஆழத்தில் இப்படியொரு கசிவைச் சுற்றி உயிர்கள் மொய்த்துக் கிடப்பது 1984-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதே வளைகுடாவில் 200 வருஷத்துக்கு மேல் வாழும் குழாய்ப் புழுக்கள் இருக்கின்றன. உறைந்த மீத்தேனுக்குள் குழி தோண்டிக் குடியிருக்கும் புழுவை 1997-இல் கண்டுபிடித்தார்கள்.

குழுவின் வேலை முற்றிலும் வேறு. இருட்டான அறை, வரிசையாகத் திரை, 12 மணி நேர ஷிஃப்ட், நனையவே மாட்டோம். பைலட் ஒருவர், அவருக்குத் துணை ஒருவர், கேமராவுக்கு ஒருவர், பின்னால் விஞ்ஞானிகள் கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் 'கொஞ்சம் இடது, கொஞ்சம் இடது' என்பார்கள், பைலட் யாரையும் கேட்கமாட்டார். அளவு தெரிவதற்காக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளிகள் விழும். அழகுக்காக அதை அணைக்கச் சொல்வோம், விஞ்ஞானிகள் போடச் சொல்வார்கள், இந்தச் சண்டை எந்தக் கப்பலிலும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்துவிடும், ஹைட்ரேட் என்பார்கள். ஏறும் குமிழிக்கே அந்தத் தோல் போர்த்துவிடும். கவிழ்த்த கண்ணாடிக் குழாயில் குமிழியைப் பிடித்தால் கண்ணெதிரே வெள்ளையாகக் கட்டிப் போகும். 2010-இல் அதே வளைகுடாவில் கிணறு வெடித்த விபத்தில், எண்ணெயைப் பிடிக்க இறக்கிய பெரிய மூடியை இந்த ஹைட்ரேட்தான் அடைத்துக்கொண்டு வேலைசெய்யவிடாமல் செய்தது.

'இயற்கையாகவே எண்ணெய் கசிகிறது' என்று படம் எடுப்பது எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இலவச விளம்பரம். இதில் உங்களுக்கு உறுத்தல் இல்லையா? – தமிழரசி

உறுத்தல் உண்டு, அதனால்தான் கதையைப் பாதியில் விடக்கூடாது என்கிறேன். 2003-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு போட்ட கணக்கில், உலகக் கடல்களில் சேரும் எண்ணெயில் ஏறக்குறைய பாதி இயற்கைக் கசிவுதான், ஆண்டுக்கு சுமார் 6 லட்சம் டன். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். அவர்கள் விடும் அடுத்த வரி என்னவென்றால், அது உலகம் முழுக்கப் பரவி, சொட்டுச் சொட்டாக, லட்சக்கணக்கான ஆண்டுகளாக வருவது. சுற்றியுள்ள உயிர்கள் அதற்குப் பழகியிருக்கின்றன. அதே சாண்டா பார்பரா கடலில் 1969 ஜனவரி 28 அன்று ஒரு கிணறு வெடித்தது. வெளிவந்தது 80,000 முதல் 1,00,000 பீப்பாய் வரை என்பது மதிப்பீடு. நாளுக்கு 100 பீப்பாய் கசியும் இடத்தில், இரண்டு வருஷத்துக்கு மேல் வரவேண்டியதைச் சில நாட்களில் ஒரே இடத்தில் கொட்டினால் எந்தப் பாக்டீரியா தின்று முடிக்கும்? ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தன. எங்கள் படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரவேண்டும் என்று கேட்டோம். ஒன்றை வெட்டினால் மற்றதும் வேண்டாம் என்றோம். எல்லாத் தயாரிப்பாளரும் கேட்பார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது.

இந்த வேலையில் சேர என்ன படிக்க வேண்டும்? – பலர்

முதலில் கேமரா இல்லாமல் டைவ் செய்யப் பழகுங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கை கால் ஆட்டாமல், பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்க முடிந்தால் பாதித் தகுதி வந்துவிட்டது. மீட்பு டைவர் பயிற்சி, முதலுதவி, ஆக்ஸிஜன் கொடுக்கும் பயிற்சி முடித்துவிடுங்கள். கசிவில் இறங்குவதற்கு முன் மாசுபட்ட நீரில் டைவ் செய்வதற்கென்று தனியாக இருக்கும் பயிற்சியையும் எடுப்பது நல்லது. கேமரா படித்தவர்களைவிட ஹவுசிங்கைப் பிரித்துச் சுத்தம் செய்து சரியாகப் பூட்டத் தெரிந்தவருக்குத்தான் குழுவில் சீக்கிரம் இடம் கிடைக்கும். பெரும்பாலும் முதலில் கொடுக்கும் வேலை லைட் பிடிப்பது. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ரஃபீக், 1/250-இல் எடுத்ததை அனுப்பு, பார்க்கிறேன்.